லண்டன் பாரிஸ்டரும் ஒரு கொலை வழக்கும்: கோர்ட் த்ரில்லர் எழுத வருகிறவர்களுக்கு

உங்கள் கதையில் நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டி "ஆர்டர், ஆர்டர்" என்கிறாரா? அந்த வரியை இப்போதே அடித்துவிடுங்கள். இங்கிலாந்து நீதிபதிகள் சுத்தியல் பயன்படுத்துவதில்லை. வக்கீல் நடந்துகொண்டே கேள்வி கேட்பது, சாட்சியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டுவது, "அப்ஜெக்‌ஷன்!" என்று கத்துவது, இதெல்லாம் அமெரிக்கப் படங்களிலிருந்தும் நம்மூர் சினிமாவிலிருந்தும் நம் மண்டையில் ஏறி உட்கார்ந்தவை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக ஒரு லண்டன் பாரிஸ்டர் வாதாடும் கதையை எழுத ஆசைப்பட்டால் இவற்றை வெளியே வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் கதை சப்பென்று ஆகிவிடாதா என்று பயப்பட வேண்டாம். பாரிஸ்டருக்கு அங்கே அத்தனை விதிகள். அவர் செய்ய முடியாதவற்றின் பட்டியல்தான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் கையைக் கட்டிப்போட்ட ஆள் எப்படி ஜெயிக்கிறார் என்று பார்க்கத்தான் வாசகர் பக்கம் புரட்டுகிறார்.

முதலில் வருடம்

எந்தக் காலத்தில் கதை நடக்கிறது என்பதை முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். 1836-க்கு முன்பு என்றால், கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஜூரியிடம், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவிடம், பேச பாரிஸ்டருக்கு உரிமையே கிடையாது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அவ்வளவுதான். 1898 வரை குற்றம் சாட்டப்பட்டவர் பொதுவாகத் தன் சொந்த வழக்கிலேயே சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. 1907-க்கு முன்பு குற்றவியல் மேல்முறையீட்டுக்கென்று தனி நீதிமன்றம் இல்லை. தூக்குத் தண்டனை வேண்டுமென்றால் 1964-க்குள் முடித்துக்கொள்ளுங்கள், அந்த ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் ஒரே நேரத்தில் இருவரைத் தூக்கிலிட்டதுதான் கடைசி. இன்றைய கதை என்றால் ஒரு சின்ன விஷயம்: மூத்த பாரிஸ்டரை க்யூ.சி. (க்வீன்ஸ் கவுன்சல்) என்று எழுதாதீர்கள். 2022 செப்டம்பரில் ராணி இறந்த அன்றே அவர்கள் எல்லாரும் கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) ஆகிவிட்டார்கள்.

இனி நான் சொல்வதெல்லாம் இன்றைய இங்கிலாந்து, வேல்ஸ் பற்றியது. ஸ்காட்லாந்துக்குச் சட்டமும் வேறு, நடைமுறையும் வேறு, ஜூரியில் உட்காருகிற ஆட்களின் எண்ணிக்கையே வேறு.

அடுத்து உங்கள் ஆள் யார்

நம்மூரில் வக்கீல் என்றால் ஒருவரே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போவார், கோர்ட்டிலும் நிற்பார். அங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நள்ளிரவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதும், குடும்பத்தோடு பேசுவதும், சாட்சிகளைத் தேடுவதும், காகிதங்களைச் சேர்ப்பதும் சொலிசிட்டர் பாடு. பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் விக்கும் கவுனும் போட்டு வாதாடுவது பாரிஸ்டர். வழக்கு அவரிடம் வருவது சொலிசிட்டர் வழியாகத்தான், பெரும்பாலும் அதுவும் அவருடைய கிளார்க் வழியாக. இந்த கிளார்க்கைத் தவற விடாதீர்கள். பாரிஸ்டர்கள் ஒரே கட்டடத்தில், சேம்பர்ஸ் என்று சொல்வார்கள், இடத்தையும் செலவையும் பகிர்ந்துகொண்டு தனித்தனியாகத் தொழில் செய்கிறவர்கள். யாருக்கு எந்த வழக்கு, எவ்வளவு ஃபீஸ் என்று பேசுவது கிளார்க். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பாரிஸ்டரின் பிழைப்பு, கல்லூரிப் பக்கமே போகாத ஒரு கிளார்க்கின் கையில் இருப்பது உண்டு. நாவலாசிரியருக்கு இது இலவசமாகக் கிடைத்த பாத்திரம்.

பாரிஸ்டர் ஆகிறவர் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். பிறகு பியூப்பிலேஜ் என்ற பயிற்சிக் காலம். மூத்தவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற இளையவர் ஒருவரை வைத்தால் விதிகளை வாசகருக்கு விளக்க உங்களுக்கு ஒரு காது கிடைக்கும்.

இன்னொன்று, நம் வாசகருக்குப் புதிதாக இருக்கும்: எதிரே அரசுத் தரப்பில் நிற்பவரும் பெரும்பாலும் அரசு ஊழியர் இல்லை. வழக்கைத் தொடுப்பது 1986 முதல் கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ், ஆனால் அவர்கள் பெரிய வழக்குகளுக்கு ஒரு சுயேச்சையான பாரிஸ்டரை அமர்த்துவார்கள். போன மாதம் அரசுக்காக வாதாடியவர் இந்த மாதம் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்கலாம். இருவரும் ஒரே சேம்பர்ஸில் இருக்கலாம். சாயங்காலம் ஒன்றாக பியர் குடிக்கலாம், கூண்டில் இருக்கிறவரின் அம்மா அதைப் பார்த்தும் தொலைக்கலாம்.

"இவனுக்காக எப்படி வாதாடுகிறீர்கள்?" என்று ஒரு பாத்திரம் கட்டாயம் கேட்கும். பதில், கேப்-ராங்க் விதி. வாடகை வண்டி நிறுத்தத்தில் முதலில் நிற்கிற வண்டிக்காரர் வருகிற சவாரியை ஏற்றியே ஆக வேண்டும் என்பதுபோல, தன் துறையில், தனக்கு நேரம் இருக்கும்போது, முறையாக வருகிற வழக்கை ஆள் பிடிக்கவில்லை என்பதற்காக பாரிஸ்டர் தட்ட முடியாது.

கைதிலிருந்து விசாரணை வரை: கடிகாரம்

போலீஸ் ஒருவரைக் குற்றம் சாட்டாமல் வைத்திருக்கச் சாதாரணமாக 24 மணி நேரம். சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போட்டால் 36. அதற்கு மேல் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும், எப்படி நீட்டினாலும் 96-ஐத் தாண்டாது. சாதாரணக் கொலை வழக்குக்கான கணக்கு இது, பயங்கரவாத வழக்குகளுக்கு வேறு. விசாரணை அறையில் பேசாமல் இருக்க உரிமை உண்டு, ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. பின்னால் கோர்ட்டில் ஒரு விளக்கத்தைச் சொல்லி, அதை ஸ்டேஷனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நியாயமாக எதிர்பார்க்க முடியுமானால், ஜூரி அந்த மௌனத்திலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். 1994 சட்டம் கொண்டுவந்த மாற்றம் இது. ஆகவே சொலிசிட்டர் அதிகாலை மூன்று மணிக்கு "வாயைத் திறக்காதே" என்று சொன்ன ஒரு வார்த்தை ஆறேழு மாதம் கழித்து பாரிஸ்டரின் கழுத்தில் வந்து விழும். அந்த ஸ்டேஷனில் அவர் இருக்கவே மாட்டார் என்பதை மறக்காதீர்கள், எல்லாவற்றையும் எழுத்துப் பிரதியாகத்தான் படிப்பார்.

குற்றம் சாட்டிய பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு முறை தலைகாட்டல். கொலை வழக்கில் மாஜிஸ்திரேட் ஜாமீன் தர முடியாது, கிரவுன் கோர்ட் நீதிபதிதான் தரலாம், கிடைப்பது அபூர்வம். எனவே உங்கள் சந்தேக நபர் பெரும்பாலும் ரிமாண்டில் இருப்பார், பாரிஸ்டருடன் பேச்செல்லாம் சிறை அறையிலோ வீடியோ திரையிலோ.

இந்த இடைக்காலத்தில் புதையல் ஒன்று இருக்கிறது. போலீஸ் சேகரித்து, ஆனால் வழக்கில் பயன்படுத்தாத பொருள்கள். அரசுத் தரப்பைப் பலவீனப்படுத்தக்கூடியதோ குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடியதோ அதில் எது இருந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாலி கிளார்க் வழக்கைப் படியுங்கள். அவரே ஒரு சொலிசிட்டர். தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999-ல் செஸ்டரில் தண்டிக்கப்பட்டார். இப்படி இரண்டு இயற்கை மரணம் ஒரே வீட்டில் நடக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று ஒரு நிபுணர் ஜூரியிடம் சொன்னார். இரண்டு மரணங்களுக்கும் தொடர்பே இருக்க முடியாது என்று வைத்துக்கொண்டு போட்ட தப்புக் கணக்கு அது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் ஆய்வக முடிவுகள் அரசுத் தரப்பின் நோயியல் மருத்துவரிடம் இருந்தும் எதிர்த்தரப்புக்கு வரவே இல்லை. 2003 ஜனவரியில் விடுதலையானார், நான்கு ஆண்டுகளில் இறந்தும் போனார். வில்லன் தேவைப்படாத கொடூரம் அது. ஒரு ஃபைலில் ஒரு தாள் போதும்.

எதிர்வாதத்தைத் தேர்ந்தெடுப்பது

"அவன் செய்யவில்லை" என்பது ஒரே வழி என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கொலைக்கு, கொல்லும் நோக்கம் மட்டும் வேண்டும் என்றில்லை, கடுமையான காயம் ஏற்படுத்தும் நோக்கமே போதும். எனவே "சாகடிக்க நினைக்கவில்லை, காலை உடைக்கத்தான் போனேன்" என்பது தப்பிக்கிற வழி ஆகாது, கொலையை ஒப்புக்கொள்கிற மாதிரிதான். உங்கள் பாத்திரம் அதைத் தெரியாமல் பெருமையாகச் சொல்கிற ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். தற்காப்பு என்ற வாதத்தை அரசுத் தரப்பு பொய்யென்று நிரூபிக்க முடியாவிட்டால் முழு விடுதலை. மனநிலைக் குறைவும், தன்னிலை இழத்தலும் கொலையை மேன்ஸ்லாட்டர் என்ற குறைந்த குற்றமாகக் குறைக்கும்.

"சுட்டது அவர் இல்லை" என்ற வழியில் போகிறவர்கள் பச்சை சைக்கிள் வழக்கைப் பார்க்காமல் எழுத உட்காரக் கூடாது. 1919 ஜூலையில் லெஸ்டர்ஷயர் கிராமச் சாலை ஒன்றில் பெல்லா ரைட் என்ற இளம்பெண் சுடப்பட்டுக் கிடந்தார். அதற்குச் சற்று முன் பச்சை சைக்கிளில் வந்த ஒருவர் அவரோடு போனதைப் பலர் பார்த்திருந்தார்கள். பல மாதம் கழித்து கால்வாயில் போன படகின் கயிற்றில் அந்த சைக்கிள் சிக்கியது, பிறகு துப்பாக்கி உறையும் தோட்டாக்களும் கிடைத்தன. சைக்கிள் ரொனால்ட் லைட் என்பவருடையது, எண்களைச் சுரண்டிவிட்டுத் தண்ணீரில் போட்டதும் அவரே. பாரிஸ்டர் எட்வர்ட் மார்ஷல் ஹால் என்ன செய்தார்? சைக்கிள் அவருடையதுதான், பெண்ணோடு போனதும் அவர்தான், பயந்துபோய் எல்லாவற்றையும் தண்ணீரில் எறிந்ததும் அவர்தான் என்று நிரூபிக்க முடிந்த எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சண்டையை ஒரே புள்ளிக்கு இழுத்தார்: அந்தத் தோட்டா தூரத்திலிருந்து ஒரு ரைஃபிளில் வந்திருக்கலாமா? இருக்கலாம் என்று அரசுத் தரப்பின் துப்பாக்கி நிபுணர் ஒப்புக்கொண்டார். 1920 ஜூனில் ஜூரி விடுதலை செய்தது. எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்பதில்தான் உங்கள் பாரிஸ்டரின் மூளை தெரியும். எல்லா வரிக்கும் சண்டை போடுகிறவர் கதையிலும் சலிப்புத் தருவார்.

"நான்தான் செய்தேன்" என்று கட்சிக்காரர் சொல்லிவிட்டால்

எல்லோரும் எழுத விரும்பும் காட்சி. எழுதும் பாதிப் பேர் கோட்டை விடுவதும் இங்கேதான். 1840-ல் லார்ட் வில்லியம் ரஸல் என்ற முதியவர் தன் லண்டன் வீட்டில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அவருடைய வேலைக்காரர் கூர்வாசியே மீது வழக்கு. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, களவுபோன வெள்ளிச் சாமான்கள் ஒரு ஹோட்டலில் கிடைத்ததும், அவர் தன் பாரிஸ்டர் சார்லஸ் பிலிப்ஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆனால் தொடர்ந்து வாதாடுங்கள் என்றார். பிலிப்ஸ் தொடர்ந்தார். கூர்வாசியேவுக்குத் தூக்குத் தண்டனை விதித்த பிறகு விஷயம் வெளியே வந்தது, குற்றவாளி என்று தெரிந்துகொண்டே வீட்டு வேலைக்காரப் பெண்கள் மேல் பழி விழும்படி பேசினார் என்று பிலிப்ஸைப் பத்திரிகைகள் கிழித்தன.

இன்றைய விதி என்ன? கட்சிக்காரர் சொன்னதை பாரிஸ்டர் யாரிடமும் சொல்லக் கூடாது. அதே சமயம் கோர்ட்டை ஏமாற்றவும் கூடாது. அதாவது, அவர் தொடர்ந்து நிற்கலாம், அரசுத் தரப்புச் சாட்சி எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், வெளிச்சம் இருந்ததா, ஆதாரம் போதுமா என்று கேட்கலாம். "வேறொருவர் செய்தார்" என்று சொல்ல முடியாது. பொய் என்று தெரிந்த சாட்சியைக் கூண்டில் ஏற்ற முடியாது. கட்சிக்காரர் தானே ஏறிப் பொய் சொல்வேன் என்று அடம்பிடித்தால் வழக்கிலிருந்து விலக வேண்டியதுதான், அதுவும் ஏன் என்று சொல்லாமல். நீதிபதிக்குப் புரியும், ஜூரிக்குப் புரியாது. எழுந்து நிற்கும் பாரிஸ்டர், காரணம் சொல்லாத ஒரு வாக்கியம், எதிர்த் தரப்பின் முகம்: இதை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

இதோடு சேர்த்து இன்னொரு விதி: சாட்சிக்கு ஒத்திகை கொடுக்கக் கூடாது. பாரிஸ்டர் தன் அறையில் சாட்சியை உட்காரவைத்து "இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்" என்கிற காட்சி எழுதினீர்களானால், அவருடைய தொழில் போவதற்கும் ஒரு காட்சி எழுதுங்கள்.

கோர்ட்டுக்குள் யார் எங்கே

ஓல்ட் பெய்லி என்பது லண்டனில் உள்ள மத்தியக் குற்றவியல் நீதிமன்றம். இப்போதுள்ள கட்டடம் 1907-ல் திறந்தது, இடித்துத் தள்ளிய நியூகேட் சிறை இருந்த இடத்தில். உச்சியில் நிற்கும் நீதிதேவதைக்குக் கண்கட்டு இல்லை, எழுதும்போது கட்டிவிடாதீர்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் பாரிஸ்டர் பக்கத்தில் உட்கார மாட்டார். தனியாக டாக் என்கிற கூண்டில், காவலர்களோடு, பல கோர்ட்டுகளில் கண்ணாடிக்குப் பின்னால். பாரிஸ்டரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். தன் உயிர்ப் பிரச்சினையைப் பேசுகிற ஆளின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்?

பாரிஸ்டர் தன் இடத்திலேயே நின்று பேசுவார், உலாவ மாட்டார். ஆட்சேபம் என்றால் எழுந்து நிற்பார், மற்றவர் உட்காருவார், சட்டப் பிரச்சினை என்றால் ஜூரியை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுவார்கள். எதிரே நிற்கும் பாரிஸ்டர் "மை லேர்னட் ஃப்ரெண்ட்". ஓல்ட் பெய்லி நீதிபதி "மை லார்ட்" அல்லது "மை லேடி". மற்ற ஊர் கிரவுன் கோர்ட்டுகளில் பெரும்பாலும் "யுவர் ஹானர்". "இவர் நிரபராதி என்று நான் நம்புகிறேன்" என்று பாரிஸ்டர் ஜூரியிடம் சொல்லக் கூடாது, அவருடைய சொந்த நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

குறுக்கு விசாரணையில் கத்தல் வேண்டாம். சாட்சி "ஆமாம்" என்று மட்டும் சொல்லும்படி சின்னச் சின்னக் கேள்விகள், ஒவ்வொன்றும் ஒரு கதவைச் சாத்த வேண்டும். தன் தரப்பு வாதம் சாட்சி சொன்னதற்கு எங்கே முரண்படுகிறதோ அதை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டே ஆக வேண்டும் என்றும் விதி இருக்கிறது, "நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை, சரியா?" என்று. கேட்காமல் விட்டுவிட்டுக் கடைசி உரையில் சாட்சியைப் பொய்யர் என்று சொல்ல முடியாது.

ஜூரி

18 முதல் 75 வயது வரை, 12 பேர், குலுக்கல் முறையில். அமெரிக்காவைப் போல வக்கீல்கள் அவர்களை நாள் கணக்கில் கேள்வி கேட்டுப் பொறுக்கி எடுப்பதில்லை. ஜூரி அறையில் என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்வது குற்றம். வழக்கைப் பற்றி ஒரு ஜூரர் இணையத்தில் தேடினாலே குற்றம், 2015 முதல். ஜூரி நீதிபதிக்குச் சீட்டில் கேள்வி எழுதி அனுப்பலாம். அந்தச் சீட்டைப் படித்து இரண்டு பாரிஸ்டர்களும் ஜாதகம் பார்ப்பது நிஜத்தில் நடப்பது, கதையிலும் நடக்கட்டும்.

நம்மிடமும் ஜூரி இருந்த காலம் உண்டு. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு சென்னையில் ஜூரி முன்புதான் நடந்தது, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி 1947-ல் விடுதலையில் முடிந்தது. பாட்டி தாத்தாக்களுக்குப் பழக்கமான விஷயம்தான், வாசகருக்கு ஒரு வரியில் நினைவூட்டினால் போதும்.

முடிவுக்கு வரும் வரிசை

அரசுத் தரப்பு ஆரம்ப உரை, அவர்கள் சாட்சிகள். அது முடிந்ததும் "பதில் சொல்லவே தேவையில்லாத வழக்கு" என்று எதிர்த்தரப்பு நீதிபதியிடம் கேட்கலாம், ஜூரி இல்லாதபோது. அந்தக் கோரிக்கை தள்ளுபடியானால்தான் குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி. பிறகு அரசுத் தரப்பின் இறுதி உரை, கடைசியில் எதிர்த்தரப்பின் இறுதி உரை. அதற்குப் பிறகும் ஒருவர் பேசுவார்: நீதிபதி. சட்டத்தை விளக்கி, சாட்சியங்களைத் தொகுத்து, பெரும்பாலும் படிப்படியான கேள்விகளை எழுதியே கொடுப்பார். குற்றம் நடந்தது என்று "உறுதியாக" இருந்தால் மட்டும் குற்றவாளி என்று சொல்லுங்கள் என்பார்.

நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் மேல் என்பதை ஆணி அடித்தாற்போல நிறுத்தியது வூல்மிங்டன் வழக்கு. 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி, பிரிந்துபோன மனைவியின் முன் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டத் துப்பாக்கி எடுத்துப் போனதாகவும் அது தானாக வெடித்து மனைவி இறந்ததாகவும் சொன்னார். முதல் ஜூரிக்கு முடிவெடுக்க முடியவில்லை. இரண்டாவது ஜூரியிடம், விபத்து என்று காட்டுவது அவர் பொறுப்பு என்றார் நீதிபதி, தண்டனை தூக்கு. 1935-ல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது.

12 பேரும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தது 2 மணி 10 நிமிடம் போனபிறகே 11-1 அல்லது 10-2 என்ற பெரும்பான்மையை நீதிபதி ஏற்கலாம். சாலி கிளார்க்கைத் தண்டித்தது 10-2தான். குற்றவாளி என்றால் எத்தனைக்கு எத்தனை என்று சொல்வார்கள், நிரபராதி என்றால் சொல்ல மாட்டார்கள். கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம், நீதிபதி முடிவு செய்வது குறைந்தபட்சம் எத்தனை ஆண்டு என்பதை. வயது வந்தவருக்குச் சாதாரணத் தொடக்கப் புள்ளி 15, கத்தியைக் கையோடு கொண்டுபோயிருந்தால் 25, துப்பாக்கி என்றால் 30.

விடுதலையான பிறகு "ஆமாம், நான்தான் கொன்றேன், இனி உங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சிரிக்கிற கடைசிப் பக்கத் திருப்பம் மனதில் இருந்தால், கதையை 2005-க்கு முன்னால் நகர்த்துங்கள். அதற்குப் பிறகு புதிய, வலுவான ஆதாரம் கிடைத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோடு கொலைக்கு மறுபடி விசாரிக்கலாம். 1989-ல் நடந்த கொலைக்காக பில்லி டன்லப் என்பவர் அப்படித்தான் 2006-ல் தண்டிக்கப்பட்டார், அவரே ஒப்புக்கொண்ட பிறகு.

எழுத உட்காரும்போது

ஓல்ட் பெய்லியின் பழைய வழக்கு நடவடிக்கைகள், 1674 முதல் 1913 வரை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாட்சிகள் பேசுகிற விதத்துக்காகவே படியுங்கள். பெரிய வழக்குகளில் நீதிபதி தண்டனை அறிவிப்பதை 2022 முதல் படம்பிடிக்கிறார்கள், அதையும் பாருங்கள். லண்டனில் இருப்பவர்கள் நேரே பார்வையாளர் மாடத்தில் போய் உட்காரலாம், காசு கிடையாது. பார்வையாளர்கள் உள்ளே படமெடுப்பதும் ஒலிப்பதிவும் குற்றம், ஓவியர்கள்கூட வெளியே வந்து நினைவிலிருந்துதான் வரைகிறார்கள்.

பிறகு முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு, உங்கள் பாரிஸ்டரின் இறுதி உரையை முதலில் எழுதுங்கள், நாலைந்து பக்கம் போதும். சாட்சியத்தில் வராத எதையும் அவர் அதில் சொல்ல முடியாது. எனவே எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில், இது எந்தச் சாட்சி வாயிலிருந்து, எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஓரம் காலியாக நிற்கிற வரிகளுக்கெல்லாம் ஒரு காட்சி பாக்கி இருக்கிறது.